கதிரியக்க மருந்தும் நமது கடமையும்

(நெய்வேலியில் நடந்த சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எம் உறவினராகிய ஓர் அம்மையார்க்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்த் தைராய்டுச் சுரப்பியிற் புற்றுநோய் கண்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் வைத்தியர் கதிரியக்க அயோடின் அளித்து, வீடு திரும்பியபின் சின்னாள் பிறரினின்றும் விலகியிருக்குமாறு எழுதிக் கொடுத்தனர். அந்நாட்கள் கழிந்து ஒரு திங்கள் ஆன பின்னும், அவருடைய தட்டையும் குவளையையும் நாங்கள் வேறாகவே வைத்திருந்தோம். “நோய் தீர்ந்தது, தீட்டுத் தீரவில்லையே!” என்று அவர் கண்ணீர் உகுத்தார். அப்பிழையில் எனக்கும் பங்குண்டு. ஆதலின் இப்பொருள் பற்றிப் பேசத் துணிந்தேன்.

தைராய்டுச் சுரப்பி அயோடினைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும் இயல்பினது. அவ்வியல்பே மருத்துவர்க்கு வழிகாட்டிற்று. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் என்னும் வைத்தியர், சுரப்பு மிகுந்த நோயாளி ஒருவர்க்குக் கதிரியக்க அயோடினை முதன்முதலாக அளித்தார். இன்று வழங்கும் அயோடின் 131, சுரப்பியின் உயிரணுக்களை நாடிச் சென்று அழிக்கின்றது.

அதன் வீரியம் 8 நாளிற் பாதியாகும். 16 நாளிற் காற்பங்காகும். 80 நாளில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். உடலிற் புகுந்ததிற் பெரும்பகுதி அதற்கு முன்னரே சிறுநீர் வழியாக நீங்கும். அதனாலன்றோ தண்ணீர் மிகுதியாகப் பருகச் சொல்கின்றனர்! 1 மீட்டரில் நின்றவர் 2 மீட்டர் தொலைவிற்கு விலகின், கதிரின் தாக்கம் ஏறத்தாழ நாலில் ஒன்றாகும். குழந்தைகளையும் கருவுற்ற மாதரையும் சின்னாள் அகற்றி வைப்பது இக்கணக்குப் பற்றியே. கருவுற்றார்க்கு இம்மருந்து அளித்தலாகாது. தாய்மார் பாலூட்டலை நிறுத்திய பின்னரே இதனை உட்கொள்ளல் வேண்டும். 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் நம் நாட்டில் இத்தகைய பாதுகாப்பு விதிகளை வகுத்துக் கண்காணிக்கின்றது.

நெய்வேலி வாசிகளாகிய நமக்கு இது விளங்காத செய்தியன்று. நம் சுரங்கத்தின் அடியில் ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு நிற்கின்றது. அதனை இரவும் பகலும் இறைத்தே பழுப்பு நிலக்கரியை எடுக்கின்றோம். நீருக்கு அஞ்சிச் சுரங்கத்தைக் கைவிட்டோமா? அன்றி, நீரை மறந்து அசட்டையாய் இருந்தோமா? இரண்டும் இல்லை.

இம்மருந்தினிடத்தும் அவ்வாறே ஒழுகுவோமாக. அச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டா. வைத்தியர் குறித்த நாட்களில் ஒன்றையும் குறைக்க வேண்டா. அவை முடிந்தபின் ஒன்றையும் கூட்ட வேண்டா. நம் இல்லங்களில் எவரேனும் இம்மருந்து கொண்டு திரும்பினால், கெடு முடிந்த மறுநாட் காலையில் அவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணுங்கள். இதுவே என் வேண்டுகோள்.