சுனௌலி வாசலில் ஒரு விசா

(பழைய மாணவர் சந்திப்பில், மதிய உணவுக்கு முந்தைய அமர்வில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'அமெரிக்காவில் நாற்பது ஆண்டுகள்'. அதை ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். ஆகவே அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு காலைப் பொழுதில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அடுத்த சுற்றுப் பயணத்துக்கு இருபது பேருக்கு மேல் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் பாதிப்பேர் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்கள் என்று கேள்விப்பட்டதால் இது பயன்படும்.

1977-ல் சேர்ந்து 1982-ல் வெளியே போன செட் எங்களுடையது. 2024 நவம்பரில் ஒன்பது பேராகக் கிளம்பி நேபாளம் போய் வந்தோம். லும்பினி, பொக்காரா, முடிந்தால் முக்திநாத் என்று திட்டம். முக்திநாத் என்றால் நம்மூர்ப் பெரியவர்களுக்குச் சாளக்கிராமம், நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. அதனால் வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை!

கோரக்பூர் வரை ரயில். அங்கிருந்து வேனில் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உத்தரப் பிரதேசத்தின் கடைசி ஊர் சுனௌலி. வளைவைத் தாண்டிவிட்டால் நேபாளத்து பேலஹியா. நாலு கிலோமீட்டரில் பைரஹவா, அதற்கு அப்பால் லும்பினி.

எல்லை என்றதும் வாகாவைப் போல முள்வேலியும் மீசை முறுக்கிய வீரர்களும் இருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டத்தட்ட ஒரு சந்தைக் கடைத்தெரு மாதிரி இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் சரக்கு லாரிகள். சைக்கிள் ரிக்‌ஷாக்கள். கையில் கூடையோடு அந்தப் பக்கம் போய்க் காய் வாங்கித் திரும்பும் பெண்கள். சீமா பல் காவலர்கள் நிற்கிறார்கள், பையைப் பார்க்கிறார்கள், ஆனால் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி நீ எந்த நாடு என்று கேட்பதில்லை. எப்படிக் கேட்பது? 1950 ஜூலை 31-ல் இரு நாடுகளும் செய்துகொண்ட நட்புறவு ஒப்பந்தப்படி இந்தியருக்கு அங்கே விசா கிடையாது, நேபாளியருக்கு இங்கே கிடையாது. சுமார் 1,750 கிலோமீட்டர் எல்லை முழுதும் அந்தக் கணக்குதான்.

எங்கள் எட்டுப் பேரும் தேர்தல் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். (ஒருவருடைய அட்டையில் இருந்த படம் முப்பது வருஷத்துக்கு முந்தையது. தலை நிறைய முடி! அதைப் பார்த்துவிட்டு காவலர் இவரைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார், சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.) இங்கே ஒரு சங்கதி. நேபாளம் போக ஆதார் அட்டை எல்லாருக்கும் ஆகாது. 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் அது செல்லும். மற்றவர்கள் பாஸ்போர்ட்டோ தேர்தல் அட்டையோ கொண்டுபோக வேண்டும். எங்களில் ஒருவர்தான் அறுபத்தைந்தைத் தாண்டியவர். அவர் ஆதாரை ஆட்டிக்கொண்டு நடந்ததைப் பார்க்க வேண்டுமே!

ஒன்பதாவது ஆள் நான். 1998-ல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவன். நம்முடைய 1955-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டப்படி, இன்னொரு நாட்டுக் குடியுரிமையை நாமாக விரும்பி வாங்கிய அந்த நிமிஷமே இந்தியக் குடியுரிமை போய்விடும். 2006-ல் வந்த ஓ.சி.ஐ. அட்டை என்னிடம் இருக்கிறது. அதை இரட்டைக் குடியுரிமை என்றே பலபேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிடையாது. இந்தியாவுக்குள் வந்து போக ஆயுள் முழுதுக்கும் கொடுத்த விசா, கூடச் சில சலுகைகள், அவ்வளவுதான். நேபாள அதிகாரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அந்த ஒப்பந்தம் பிறந்த ஊரைப் பார்ப்பதில்லை, பேசுகிற மொழியைப் பார்ப்பதில்லை, கையிலிருக்கும் பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கிறது.

வேன் வளைவை நெருங்கியதும் நம்ம ஆள் ஒருத்தர் (இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன்) யோசனை சொன்னார். "டேய், நீ வாயத் தொறக்காம நடுவுல உக்காரு. பாத்தா நம்மள மாதிரிதானே இருக்க. எவன் கேக்கப் போறான்? டிரைவரும் அதத்தான் சொல்றாரு." உண்மைதான். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு பைசா செலவில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

ஆனால் திறந்த எல்லையின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. விமான நிலையத்தில் இமிகிரேஷன் மேஜையைத் தாண்டாமல் வெளியே போக வழியில்லை. இங்கே அந்த மேஜையை நாம்தான் தேடிப் போக வேண்டும். தேடாமல் உள்ளே போனவன், ஒரு லாட்ஜில் பாஸ்போர்ட் கேட்கும்போதோ ஆஸ்பத்திரியில் படுக்கும்போதோ விமானம் ஏறும்போதோ மாட்டுவான். கூட வந்த எட்டுப் பேருடைய பயணமும் சேர்ந்து கெடும். "நீங்க டீ சாப்பிடுங்கடா, நான் வர்றேன்" என்று இறங்கிவிட்டேன்.

முதல் வேலை நேபாள விசா இல்லை. இந்தியாவிலிருந்து வெளியேறும் முத்திரை. அந்த ஆபீஸ் கடைகளுக்கு நடுவே, இரண்டு பேரிடம் விசாரித்தால்தான் தெரிகிற இடத்தில் இருக்கிறது. ஒரு பாரம் எழுதி, பாஸ்போர்ட்டையும் ஓ.சி.ஐ. அட்டையையும் காட்டினேன். பத்து நிமிஷம்.

பிறகு வளைவு வழியாக நடந்தேன். எல்லைக் கோட்டைத் தாண்டினால் கடிகாரத்தில் 15 நிமிஷம் கூட்டிக்கொள்ள வேண்டும். கடைப் பலகைகளில் ஆண்டு விக்ரம சம்வத் 2081. ஐம்பத்தேழு வருஷம் கூடிப்போனதில் நண்பர்களுக்கு ஒரே கேலி.

நேபாள இமிகிரேஷன் ஆபீஸும் சின்னக் கட்டடம்தான். விண்ணப்பத்தைக் கோரக்பூர் ஓட்டலிலேயே இணையத்தில் நிரப்பி அச்செடுத்து வைத்திருந்தேன். அந்த ரசீது 15 நாள் செல்லும். அங்கே போயும் நிரப்பலாம், ஆனால் கரண்டையும் இணைப்பையும் நம்ப வேண்டும். கட்டணம் 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50, 90 நாளுக்கு 125. டாலர் நோட்டாகவே, கிழியாத அழுக்காகாத நோட்டாகவே கொண்டுபோங்கள். போட்டோ இரண்டு கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது உயிரோடிருக்க வேண்டும். வெளியே தெருவில் நின்று "நான் சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்" என்பவர்களிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

எனக்கு முன்னால் முதுகில் பெரிய மூட்டையோடு ஒரு வெள்ளைக்காரப் பையன். அதிகாரி அவன் பாஸ்போர்ட்டைப் புரட்டினார், புரட்டினார், திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தியாவிலிருந்து வெளியேறிய முத்திரை இல்லை. இந்திய ஆபீஸைப் பார்க்காமலேயே நடந்து வந்திருக்கிறான். நல்லவேளை, சில நூறு அடிதான். மூட்டையோடு திரும்பி ஓடினான்.

என் முறை வந்தது. அதிகாரி பிறந்த இடம் என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு இந்தியில், "இந்தியர்தானே?" என்றார். "பிறந்தது அங்கே" என்றேன். ஜன்னலுக்கு வெளியே டீக்கடையிலிருந்து கையாட்டிக்கொண்டிருந்த எட்டுப் பேரையும் பார்த்தார். "உங்கள் ஆட்களா?" "ஆமாம். ஒரே ஹாஸ்டல்." அவர் முகத்தில் ஒரு சங்கடச் சிரிப்பு. 30 டாலரை எண்ணி வாங்கிக்கொண்டு விசாவை ஒட்டினார். அவர் கடமையை அவர் செய்தார். எனக்குத்தான் தொண்டையில் ஏதோ அடைத்தது. அமெரிக்காவில் சத்தியப் பிரமாணம் எடுத்த அன்றுகூட எனக்கு அப்படி ஆனதில்லை. அன்று சுற்றிலும் எல்லோரும் என்னைப் போல வந்தவர்கள். சுனௌலியிலோ அந்த எட்டுப் பேருக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஜன்னல்.

வெளியே வந்ததும் கணக்கு ஆரம்பித்துவிட்டது. எங்கள் மெஸ் செயலாளராக இருந்தவர், "முப்பது டாலர பொதுச்செலவுல போடு, டிவைடிங் சிஸ்டம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். "1979-ல நீ ஊருக்குப் போயிருந்தப்ப உன் கெஸ்ட் சாப்பாட்ட நாங்க பங்கு போட்டோமே, அப்ப வேண்டாம்னியா?" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

திரும்பும்போது இதே வரிசை தலைகீழாக: முதலில் நேபாள முத்திரை, பிறகு இந்திய நுழைவு. இங்கேதான் வெளிநாட்டு நண்பர்கள் மிகவும் கவனிக்க வேண்டும். இந்தியாவின் ஈ-விசா குறிப்பிட்ட நுழைவாயில்களில் மட்டுமே செல்லும். சென்னை விமான நிலையத்தில் ஜம்மென்று வந்திறங்கியவர், சாலை வழியாக நேபாளம் போய்விட்டு அதே விசாவில் சாலை வழியாகத் திரும்ப முடியாமல் நிற்கலாம். நீங்கள் திரும்பும் வாசல் பட்டியலில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். ஒரே தடவை நுழையும் விசாவாக இருந்தால் எல்லையைத் தாண்டியதோடு அது முடிந்தது. ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அட்டையை ஊரில் பீரோவில் பூட்டிவிட்டு வராமல் இருந்தால் சரி.

மாணவத் தம்பிகளே, உங்களுக்கு இத்தனையும் தேவையில்லை. தேர்தல் அட்டை வாங்கியாகிவிட்டதல்லவா, அதை எடுத்துக்கொண்டு போங்கள். 100 ரூபாய்த் தாளாக வைத்துக்கொள்ளுங்கள். நம் நூறு அங்கே நூற்று அறுபது.

பயணத்துக்குப் பெயர் எழுதும் தாள் வாசல் மேஜையில் இருக்கிறது. பெயர், செட், போன் நம்பர் என்று மூன்று கட்டம்தான் போட்டிருந்தார்கள். நான் காலையில் பேனாவால் நான்காவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்: எந்த நாட்டுப் பாஸ்போர்ட். கூச்சப்படாமல் எழுதுங்கள். அதை வைத்துத்தான் சுனௌலியில் வேனை எத்தனை நேரம் நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். விசாச் செலவு பொதுக் கணக்கில்தான் என்று மெஸ் செயலாளர் இப்போதே தலையாட்டுகிறார்.