பட்டரி எரிந்தால் கதவு எங்க?

(இளையோர் பயிற்சிப் பட்டறையில் பேசியதன் எழுத்து வடிவம்)

சாப்பாட்டுக்கு முதல் கதைக்கிற ஆள் நான் என்றபடியால் கனக்க இழுக்க மாட்டன்.

2016 ஒக்டோபரில் நான் கனடாவில் ஒரு விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிற வேலை செய்தேன். சம்பளம் தந்தது விமானக் கொம்பனி இல்லை, இடையில் நிண்ட ஒரு ஒப்பந்தக் கொம்பனி. இந்த ஒழுங்கு உங்களில் கனபேருக்கு நல்லாத் தெரியும். அந்த மாதம் 15ஆம் திகதி மத்தியானத்தில் இருந்து எல்லா இடமும் ஒரே அறிவித்தல்: சாம்சங் கலக்ஸி நோட் 7 போனை விமானத்துக்குள் கொண்டுபோக முடியாது. கைப்பையிலும் வைக்கேலாது, பெட்டியிலும் போடேலாது, நிப்பாட்டி வைத்திருந்தாலும் ஏலாது.

நான் தள்ளிக்கொண்டு போன ஒரு ஐயாவிடம் அந்தப் போன் இருந்தது. மகன் வாங்கிக் குடுத்தது. செக்-இன் மேசையில் விசயத்தைச் சொன்னதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, எல்லாற்ர நம்பரும் இதுக்குள்ளதான் கிடக்கு. இது இல்லாமல் அங்க இறங்கி நான் ஆருக்கு எடுக்கிறது?" பிறகு மகனைத் திருப்பிக் கூப்பிட்டு, நம்பர்களை ஒரு கடதாசியில் எழுதி, போனை அவரிட்டக் குடுத்துவிட்டுத்தான் போனார்.

எங்களுக்குச் சொல்லியிருந்தது ஒண்டே ஒண்டுதான்: அந்தப் போனைக் கண்டால் மேற்பார்வையாளரிடம் சொல்லு. என்ர கையில இருக்கேக்க அது புகைஞ்சால் என்ன செய்யிறது? கேட்டேன். "அது உன்ர வேலை இல்லை" என்றார்கள்.

அந்த வருசம் நடந்ததைச் சுருக்கமாச் சொல்லுறன், உங்களில் சிலர் அப்ப பள்ளிக்கூடத்தில இருந்திருப்பீங்கள். போன் சந்தைக்கு வந்தது 2016 ஓகஸ்ட் 19. அப்பிளின் புதுப் போனுக்கு முந்த வேணும் என்ற அவசரம் பற்றி அப்ப கனக்க எழுதினார்கள். இரண்டு கிழமையில், செப்டெம்பர் 2ஆம் திகதி, ஏறத்தாழ 25 லட்சம் போன்களை மாற்றித் தருவதாக சாம்சங் தானாகவே அறிவித்தது. அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தியோகபூர்வமாகத் திரும்பப் பெற அறிவித்தது 15ஆம் திகதிதான். இடையில் விமான அதிகாரிகள், ஏறினாப் பிறகு போடாதே, சார்ஜ் பண்ணாதே, பெட்டிக்குள்ள வைக்காதே என்று பயணிகளுக்குச் சொன்னார்கள். இந்தியாவும் அந்த நாட்களிலேயே இப்படிக் கட்டுப்படுத்தியது.

ஒக்டோபர் 5ஆம் திகதி அமெரிக்காவின் லூயிவில் நகரில் புறப்பட நிண்ட சவுத்வெஸ்ட் விமானத்துக்குள் ஒரு போன் புகைந்தது. எல்லாரையும் இறக்கினார்கள். அது கொம்பனி மாற்றிக் குடுத்த, "பிரச்சினை இல்லை" என்ற போன். அதுக்குப் பிறகுதான் உற்பத்தியை நிப்பாட்டினது, அதுக்குப் பிறகுதான் அமெரிக்காவிலும் கனடாவிலும் முழுத் தடை. கொண்டு வந்தால் பயணி மேல் குற்றவியல் வழக்கும் போடலாம் என்று அமெரிக்கா சொன்னது. செய்தவன் "தானாக முன்வந்து" திரும்ப வாங்குறான், வாங்கினவனுக்கு வழக்கு என்ற மிரட்டல். இது எனக்கு அப்பவே உறைச்சது.

ஆனால் தடை பிழை என்று நான் சொல்லேல்லை. லித்தியம் அயன் பட்டரிக்குள் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவில் இருக்கிறது ஒரு மெல்லிய தாள் மாதிரி ஒண்டு. அது கிழிஞ்சால் உள்ளுக்குள்ளேயே மின் இணைப்பு முட்டி, சூடு ஏறி, அந்தச் சூடே இன்னும் சூட்டைக் கூட்டும். உள்ளே இருக்கிற திரவமும் எரியக் கூடியது. நோட் 7இல் முதல் பட்டரிகளில் மூலையில் முனைத்தகடு மடிந்திருந்தது, மாற்றிக் குடுத்த வேறு கொம்பனிப் பட்டரிகளில் ஒட்டு வேலையின் பிசிர் துருத்திக்கொண்டிருந்தது. 2017 ஜனவரியில் சாம்சங்கே சொன்ன காரணம் இது. விமான அறைக்குள் எரிந்தால் தண்ணி ஊத்திக் குளிரப் பண்ணலாம். சாமான் அறைக்குள் எரிந்தால் ஆரும் காணமாட்டினம். அங்க இருக்கிற தீயணைப்பு வாயு சுவாலையை அமுக்கும், பட்டரிக்குள் ஏறுகிற சூட்டை நிப்பாட்டாது. 2010 செப்டெம்பர் 3ஆம் திகதி துபாயில் விழுந்த யு.பி.எஸ் சரக்கு விமானம் லித்தியம் பட்டரிகளும் ஏற்றி வந்தது. விமானிகள் இரண்டு பேரும் செத்துப்போச்சினம். ஆகவே விமான உலகத்துக்கு இந்தப் பயம் அனுபவத்தில் வந்த பயம்.

என்ர கேள்வி வேறை. முதல் அறிவித்தலில் இருந்து முழுத் தடைக்கு ஆறு கிழமை. அதே ஒக்டோபரில் சியோலில், கங்னம் பகுதியில் சாம்சங் கட்டடத்துக்கு வெளியே ஒரு கூடாரம் நிண்டது, ஒரு வருசமா. ஹ்வாங் யூ-மி என்ற பிள்ளை கிஹூங் சிப் ஆலையில் இரசாயனத்துக்குள் சிப் தகடுகளைத் தோய்த்து எடுக்கிற வேலை செய்தவ. இரத்தப் புற்றுநோய் வந்து 2007இல், தகப்பன் ஓடின டக்சியின் பின் சீற்றிலேயே உயிர் போனது. தகப்பன் ஹ்வாங் சாங்-கி காசு வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க மறுத்தார். அவரும் பானொலிம் அமைப்பினரும் ஆயிரம் நாளுக்கு மேல் அந்தக் கூடாரத்தில் இருந்தார்கள். சாம்சங் மன்னிப்புக் கேட்டது 2018 நவம்பரில். போன் புகைந்தால் ஆறு கிழமை, போனுக்குச் சிப் செய்த பிள்ளை செத்தால் பதினொரு வருசம்.

தோழர்களே, இன்னொரு இடம். 2024 ஜூன் 24, தென்கொரியாவின் ஹ்வாசொங். அரிசெல் என்ற லித்தியம் பட்டரித் தொழிற்சாலை. சாம்சங்கோடு சம்பந்தமில்லாத இடம், பட்டரியும் வேறு வகை, ஆனால் தீயின் குணம் கிட்டத்தட்ட ஒண்டுதான். இரண்டாம் மாடியில் ஒரு பட்டரி வெடித்து மற்றதுகளுக்குத் தாவினது. 23 பேர் செத்தார்கள். 18 பேர் வெளிநாட்டவர், பெரும்பாலும் சீனாவில் இருந்து வந்தவர்கள், ஏஜென்சி மூலம் நாட்கூலிக்கு எடுத்த ஆக்கள். இரண்டு நாளுக்கு முன்னமே அங்க ஒரு பட்டரி எரிந்திருக்கு, வேலை நிக்கேல்லை. வெளியேறுகிற வழியைச் சரியாகக் காட்டிக் குடுக்கவும் இல்லை. செத்தவர்களில் கனபேர் வாசல் இல்லாத பக்கமாப் போய் மாட்டுப்பட்டார்கள்.

லூயிவில் விமானத்தில் எந்தக் கதவால் இறங்கிறது என்று பயணிக்கு விமானப் பணியாளர் காட்டுறா, ஒவ்வொரு பறப்பிலும், சட்டப்படி. ஏஜென்சி ஆளுக்கு ஆர் காட்டுறது?

ஏன் காட்டேல்லை என்றதற்கு எங்கட ஊரில ஒரு பதில் இருக்கு. 2024 செப்டெம்பரில் தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அங்க செய்யிறது போன் இல்லை, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், டிவி. முக்கிய கோரிக்கை தங்கட சங்கத்தை ஏற்கவேணும் என்றது. சங்கத்தைப் பதிவு செய்யிறதே 2025 ஜனவரி வரைக்கும் இழுபட்டது, அதுவும் தொழிலாளர் ஓட்டுக் கேட்கிற ஒரு அரசின் கீழ. கதவு எங்க என்று கேட்கத் துணிகிற ஆள் தனி ஆளா இருந்தால் அடுத்த கிழமை அவருக்கு ஷிஃப்ட் இல்லை. நான் கேட்டுப் போட்டு இரண்டு ஞாயிறு வீட்டில இருந்தனான்.

இப்ப நான் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்யிறன். மின் சைக்கிள் பட்டரி வருது, ஸ்கூட்டர் பட்டரி வருது, திரும்பி வருகிற பழுதான பட்டரியும் அதே தட்டில்தான் ஏறுது. போன மாசம் நாங்கள் பதினொரு பேர் கையெழுத்து வைத்து இரண்டு கேள்வி எழுதிக் குடுத்தோம்: பழுதான பட்டரியை எங்க தனிய வைக்கிறது, இரவு ஷிஃப்டில் எந்தக் கதவு பூட்டுறேல்லை? மூன்று கிழமை கழிச்சு ஒரு தாள் வந்தது, ஆங்கிலத்தில் மட்டும். அதைத் தமிழிலும் பஞ்சாபியிலும் நாங்களே எழுதி சாப்பாட்டு அறையில் ஒட்டினோம். டகாலொக் தெரிந்த ஆளை இன்னும் தேடுறம்.

களஞ்சியத்திலோ சாப்பாடு கொண்டுபோற வேலையிலோ இருக்கிற ஆக்கள் சாப்பிட்டு முடிய பின் மேசைக்கு வாங்கோ. அந்தத் தாளின் பிரதி கொண்டு வந்திருக்கிறன்.