வளர்ச்சி: யார் சொல்லும் சொல்?

(மாணவர் பயிற்சி அரங்கொன்றில் நிகழ்த்திய உரை)



பன்னாட்டு வளர்ச்சியியல் என்னும் துறை இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கற்பிக்கப்பெறுகின்றது. நம் பிள்ளைகளும் அதனைப் பயிலச் செல்கின்றனர். செல்லட்டும், நன்று. ஆயின் கோட்பாடு, கொள்கை, நடைமுறை என்னும் அதன் மூன்று கூறுகளையும் எவ்வாறு பயிலல் வேண்டும்? கீழை ஆப்பிரிக்காவிலுள்ள தான்சானியாவின் பட்டறிவு கொண்டு இதனை விளக்க விழைகின்றேன்.

முதற்கண் கோட்பாடு. 1949இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் திரூமன், தம் பதவியேற்புரையில் ‘குறைவளர்ச்சிப் பகுதிகள்’ என்று பேசினார். ஒரே உரையில் உலக மக்களுட் பெரும்பாலோர் குறையுடையோர் ஆயினர்! 1960இல் உரோசுட்டோ என்னும் பொருளியலறிஞர், நாடுகள் ஐந்து படிகளில் ஏறியே உயரும் என்று நூல் எழுதினார். இறுதிப் படி, மிகுநுகர்வுக் காலம். அவ்வேணியின் உச்சியில் எந்நாடு நின்றது என்று சொல்லவும் வேண்டுமோ?

இதற்கு மறுப்புகள் எழுந்தன. தான்சானியாவின் தார் எசு சலாம் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த கயானா நாட்டறிஞர் வால்ட்டர் இராட்னி, ஐரோப்பா ஆப்பிரிக்காவை எவ்வாறு வளர்ச்சி குன்றச் செய்தது என்பதை 1972இல் நூலாக வெளியிட்டார். ஆப்பிரிக்காவின் ஏழ்மை இயல்பாய் அமைந்ததன்று. அடிமை வணிகத்தாலும் அயலாட்சியாலும் ஆக்கப்பட்டது என்பதே அவர்தம் முடிபு.

அடுத்துக் கொள்கை. 1967இல் வெளியான அருசா அறிக்கை, தற்சார்பே நாட்டின் நெறி என்றது. வளர்ச்சிக்கு வேண்டுவன மக்கள், நிலம், நற்கொள்கை, நல்ல தலைமை என்னும் நான்கே. அயலார் பணம் அன்று என்பது அதன் உட்கிடை. அவ்வாண்டே தொடக்கப் பள்ளிகளின் பயிற்றுமொழி சுவாகிலி ஆயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாட்டில் அதுவே பொதுமொழி. நாட்டின் தலைவர் யூலியசு நியரேரே, சேக்சுபியரின் நாடகங்கள் இரண்டைத் தம் கையாலேயே சுவாகிலியில் பெயர்த்தவர். ஆட்சிச் சுமைக்கிடையே மொழிப்பணி செய்த அவரை நாம் போற்றாதிருத்தல் இயலாது.

இனி நடைமுறை. இங்கேதான் நெஞ்சு கனக்கின்றது. உழவர் ஒருங்கே வாழ்ந்து ஒருங்கே உழைக்கும் சிற்றூர்களை அமைப்பது நியரேரேயின் திட்டம். யாரையும் வற்புறுத்தலாகாது என்றுதான் அவர் தொடங்கினார். ஆனால் 1973 முதல் 1976 வரை, ஏறத்தாழ ஐம்பது இலக்கம் மக்கள் புதிய ஊர்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். செல்ல மறுத்தோரின் குடில்கள் சிலவிடங்களில் எரிக்கப்பட்டன. விளைநிலம் ஓரிடம், வீடு வேறோரிடம் என்றாயிற்று. எந்த மண் எப்பருவத்தில் எதை விளைக்கும் என்றறிந்த உழவரின் அறிவு, திட்டத் தாளில் இடம்பெறவில்லை.

தோழர்களே! நாம் கூர்ந்து எண்ணவேண்டிய இடம் இது. அக்கட்டளைகள் ஆங்கிலத்தில் வந்தனவல்ல; நாட்டின் பொதுமொழியிலேயே வந்தன. நம் மொழியில் ஆணையிடுவது மட்டும் மக்களாட்சி ஆகாது. மக்கள் தம் மொழியில் மறுத்துரைப்பதும், அம்மறுப்புக்கு அரசு செவிசாய்ப்பதும் வேண்டும். மொழியுரிமை பேசும் நமக்கு இப்பாடம் கசக்கலாம். ஆயினும் இதுவே உண்மை.

பல்கலைக்கழகத்தின் நிலையும் எண்ணத்தக்கது. தார் எசு சலாமில் வளர்ச்சியியலை மாணவர் அனைவரும் பயிலவேண்டும் என்று விதித்தனர், கற்பித்ததோ ஆங்கிலத்தில்! உயர்நிலைக் கல்விக்கும் சுவாகிலியே வேண்டுமென 1982இல் கல்விக்குழு பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. உழவரின் உயர்வைப் பற்றிய கல்வி, உழவர் செவிக்கு எட்டாத மொழியிலேயே நின்றது.

எனவே மாணவர்களே, எந்த வளர்ச்சித் திட்டத்தைப் படித்தாலும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். குறையுடையோர் என்று பெயரிட்டவர் யார்? ஆதாயம் அடைபவர் யார்? வேண்டா என்று சொல்ல மக்களுக்கு உரிமை இருந்ததா?

பட்டம் பெற்று ஊர் திரும்பியதும், உங்கள் ஆய்வுரையை ஓர் உழவரிடம் தமிழில் எடுத்துரையுங்கள். அவருக்கு விளங்காவிடில், குறை உங்கள் எழுத்தினுடையது. அவர் மறுத்தாரெனில் அமர்ந்து கேளுங்கள், மறுப்பை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கல்வியின் அடுத்த பாடம் அங்குத் தொடங்குகின்றது.