பத்து ஆண்டுக்குப் பின்னும் திறக்க வேண்டும்
(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



தொட்டில் வேண்டும், சக்கர நாற்காலி வேண்டும் என்று கேட்டால் மயிலாப்பூர், தியாகராய நகர்ச் சபைகள் மனமுவந்து கொடுக்கின்றன. பழைய பதிவுகளைப் பாதுகாக்கக் காணிக்கை கேட்டால் மட்டும், "அதற்கெல்லாமா?" என்கிறீர்கள்.

உள்நோயாளியின் பதிவை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. உங்கள் காணிக்கையைக் காட்டும் கணக்கேடுகளுக்கோ, 2022இல் வந்த வருமானவரி விதி 17ஏஏ, மதிப்பீட்டு ஆண்டு முடிந்தபின் 10 ஆண்டுகள் என்றது. இவை சட்டம் கேட்கும் குறைந்த அளவே. அடையாறு புற்றுநோய் நிலையத்திலுள்ள சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவகம் 1982 முதல் விவரம் சேர்த்து வருகிறது. அதனால்தான் இந்நகரப் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்து, மார்பகப் புற்றுநோய் கூடியது தெரிந்தது. மூன்றே ஆண்டில் கிழித்திருந்தால் யார் சொல்லியிருப்பார்?

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளில் பட்டாவும் பள்ளிச் சான்றிதழும் நனைந்து போயின. அரசு சிறப்பு முகாம் வைத்து நகல் வழங்கியது. மூலப் பதிவு வேறிடத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது. ஆகவே கம்ப்யூட்டருக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கும் நகலை நாங்கள் நகலாகவே எண்ணுவதில்லை.

எரேமியா 32ஆம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நகரம் முற்றுகையில் இருக்கிறது. முத்திரையிட்ட கிரயப்பத்திரம் ஒன்று, திறந்தது ஒன்று. இரண்டும் நெடுங்காலம் இருக்கும்படி மண்பாண்டத்துக்குள் போகின்றன. "இரண்டையும் ஒரே பாண்டத்திலா?" என்று எங்கள் கம்ப்யூட்டர் பிரிவு இளைஞர் குறும்பாகக் கேட்பார்!

இன்னொரு தொல்லையும் உண்டு. காகிதத்தைக் கண்ணால் வாசிக்கலாம். காந்த நாடாவுக்கு அதற்கேற்ற கருவி வேண்டும். எல்டிஓ எனும் நாடா வகையில் எட்டாம் தலைமுறைக் கருவி ஏழையும் எட்டையும் மட்டுமே வாசிக்கும், ஆறாவதை வாசிக்காது. நாடா கெடாமல் இருந்தும் பதிவு கைக்கு எட்டாது. ஓலை இற்றுப்போகுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினார்களே, அதுபோல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய நாடாவுக்கு மாற்ற வேண்டும். இடையிடையே திறந்தும் பார்க்க வேண்டும். எங்கும் தள்ளிப்போடப்படும் வேலை இதுதான்.

இவ்வாண்டுக் காணிக்கையில் ஒரு பங்கு இரண்டாம் நகலுக்கும், அதை வைக்க மேட்டுப் பகுதியில் ஓர் அறைக்கும் செல்லும். வந்து பாருங்கள். நீங்கள் சொல்லும் ஆண்டின் கணக்கை அந்த நகலிலிருந்தே திறந்து காட்டுகிறோம். நோயாளர் கோப்பை மட்டும் கேட்காதீர்கள்.