விளையாட்டின் பெயரில் ஓர் உழைப்பு நோய்



பாடாங் செராயைச் சூழ்ந்த தோட்டங்களில் பால்மரம் சீவியோர் நம் குடும்பங்களில் பலர். விடியுமுன் நிரைக்குச் சென்று, மரத்துக்கு மரம் உளியை இழுத்து, சில நூறு மரங்களை முடிப்பது அவர்தம் நாள்வேலை. அத்தகையோர் ஒருவர் முழங்கை வலியோடு மருத்துவரிடம் சென்றால், ‘டென்னிஸ் எல்போ’ என்னும் பெயரைக் கேட்டுத் திகைக்கக்கூடும். டென்னிஸ் மட்டையைத் தொட்டறியாத கைக்கு அந்நோய் வந்தது எவ்வாறு?

பெயரிலிருந்தே தொடங்குவோம். 1873 ஆம் ஆண்டில் ருங்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர், எழுதுவோர்க்கு வரும் கைவலியைப் பற்றிய கட்டுரையில் இந்நோயை விளக்கினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1883 இல், ஆங்கில மருத்துவ இதழொன்றில் டென்னிஸின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. எழுதுகோலோடு அறிமுகமான நோய் விளையாட்டின் பெயரால் நிலைத்துவிட்டது. உண்மையில் இந்நோயுற்றோருள் பெரும்பாலோர் டென்னிஸ் ஆடாதவரே.

காரணம் யாது? மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்தும் தசைகள், முழங்கையின் வெளிப்புறத்து எலும்பு முனையில் ஒரு தசைநாணால் பிணைக்கப்பட்டுள்ளன. எதையேனும் இறுகப் பற்றும்போதெல்லாம் அத்தசைகள் மணிக்கட்டை நிலைநிறுத்துகின்றன. ஆறுவதற்கு இடைவெளியின்றி அப்பளு தொடருமாயின் தசைநாணின் இழைகள் நைந்துபோகின்றன. உளி பிடிப்பதும், செம்பனைக் குலை வெட்டுவதும், துணி பிழிவதும், நாள்முழுதும் கணினிச் சுட்டியைப் பற்றியிருப்பதும் அத்தகைய பளுவே. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரிடம் இது மிகுதி. உள்ளங்கை கீழ்நோக்க, கையை நீட்டி ஒரு நாற்காலியைத் தூக்கினால் அவ்விடத்தில் வலி மிகும். அது ஓர் அடையாளம்.

இதனைச் சுளுக்கு என்றெண்ணி அழுத்தி உருவிவிடுவோர் உளர். அதனால் நைந்த இழை மேலும் நோகலாம். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் வலியைத் தணிக்கும். ஆயினும் ஓராண்டு கழித்து நோக்குங்கால், ஊசி போட்டுக்கொண்டோரைவிடப் போடாதோரே நலமுற்றிருந்தமையை ஆய்வுகள் காட்டியுள்ளன.

சிறந்த மருந்து அளவான பயிற்சியும் பொறுமையுமே. முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கக் கையை விளிம்புக்கு வெளியே விடுக. சிறிய நீர்ப்புட்டி ஒன்றைப் பற்றி, மறு கையின் துணையால் மணிக்கட்டை உயர்த்தி, பின்னர்த் துணையின்றி மெல்லத் தாழ்த்துக. இதனை இயன்முறைச் சிகிச்சையாளரிடம் கற்றுச் செய்தல் நன்று. பெரும்பாலோர் ஓராண்டுக்குள் குணமடைவர். அறுவை மிகச் சிலருக்கே தேவைப்படும். மட்டைப்பந்து வீரர் சச்சின் டெண்டுல்கர் 2005 இல் இலண்டனில் அதனைச் செய்துகொண்டார். விரல்கள் மரத்துப்போதல், வீக்கத்தோடு காய்ச்சல் ஆகியவை தோன்றினால் அது வேறு நோயாகலாம். உடனே மருத்துவரைக் காண்க.

மருந்தினும் முதன்மையானது காரணத்தைக் குறைத்தல். மழுங்கிய உளி மிகுந்த விசை கேட்கும். ஆதலின் கூர்மையான உளி கைக்கும் காவல். இடையிடையே கைக்கு ஓய்வு வேண்டும்.

இங்கேதான் மொழிக்குப் பணி உண்டு. பெயரைக் கேட்டு, இது தொழிலோடு தொடர்பற்றது என எண்ணும் தொழிலாளி தம் வேலையைப் பற்றி மருத்துவரிடம் கூறாது விடலாம். 1969 ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் தொழிலால் விளையும் நோய்களையும் கருதுகிறது. பெர்கேசோவிடம் உதவி கோர, வேலைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு மருத்துவப் பதிவில் இடம்பெறுதல் வேண்டும்.

ஆகவே மாணவர்களே, உங்கள் பெற்றோர், பாட்டி, தாத்தா ஆகியோருடன் மருத்துவரிடம் செல்லும்போது, “இந்தக் கை என்ன வேலை செய்கிறது, எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறது” என்பதை மலாயிலோ ஆங்கிலத்திலோ எடுத்துரையுங்கள். நோயின் பெயர் சொல்லாததை நீங்கள் சொல்லுங்கள்.