எழுத்தோடு குரலும் வாழ்க



பத்தாண்டு நிறைவெய்தும் நம் மன்றத்தின் மேடையில் அரங்கேறிய கவிதைகள் பல அச்சேறியுள்ளன. அவற்றை ஒலித்த குரல்கள் எங்கே உள்ளன? இவ்வினாவையே இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் என யாப்பிலக்கணம் ஓசை வகுத்துள்ளது. பெயர்கள் நம்மிடம் உள்ளன. பண்டைப் புலவர் அவ்வோசைகளை எவ்வாறு இசைத்தனர் என்று கேட்கும் பேறு நமக்கில்லை. ககரம் ஒன்றே ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்னும் மூன்று சொற்களில் மூவகையாய் ஒலிக்கின்றது. எழுத்து அவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. புதுக்கவிதையிலோ, இரு சொற்களுக்கிடையே மௌனம் எவ்வளவு நீளவேண்டும் என்பதைக் கவிஞரின் நாவே உணர்த்தவேண்டும்.

எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டது 1877இல். 1902இல் கல்கத்தாவில் இசைத்தட்டுக்கான பதிவுகள் நடந்தன. பாரதியார் மறைந்தது 1921இல். கருவி தோன்றிவிட்ட காலத்தில் வாழ்ந்தும், தம் பாடல்களைத் தாமே பாடிய அப்பெருமகனின் குரல் நமக்குக் கிட்டவில்லை. அன்று எளியவர்க்கு எட்டாதிருந்த கருவி இன்று நம் கையில் திறன்பேசியாக உள்ளது.

திறன்பேசியையும் கணினியையும் இணைத்துக் குரலைப் பதிய இருவழிகள் உள. இரண்டிலும் உரிய செயலியை நிறுவித் திறன்பேசியையே கணினியின் ஒலிவாங்கியாக்குதல் ஒன்று. இதில் இணைப்புத் தளர்ந்தால் சொல் அறுபடும். திறன்பேசியிலேயே பதிந்து, பின்னர் யுஎஸ்பி கம்பிவழியே கணினிக்கு மாற்றுதல் மற்றொன்று. கவிதைக்கு இதுவே ஏற்றது. ஆண்ட்ராய்டு திறன்பேசியாயின், கம்பியைச் செருகியதும் திரையில் தோன்றும் அறிவிப்பில் கோப்புப் பரிமாற்றத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். மின்னேற்றத்திற்கு மட்டுமே பயன்படும் கம்பிகளும் உள; கணினி திறன்பேசியை அறியாவிடில் கம்பியை மாற்றிப் பார்த்தல் நலம்.

பதிவைக் குரலஞ்சலாக அனுப்புவது எளிதே. ஆனால் செய்திச் செயலிகள் அளவைக் குறைக்க ஒலியைச் சுருக்குகின்றன. அவ்வாறு இழந்த நுண்மை மீளாது. சுருக்கப்படாத வேவ் கோப்பில் ஒற்றைத் தட ஒலி நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 மெகாபைட் இடம் கொள்ளும். ஒரு மணிநேரக் கவியரங்கம் 300 மெகாபைட்டைச் சற்றே கடக்கும். இன்றைய கணினிக்கு இது பெருஞ்சுமையன்று.

பதியுங்கால் மின்விசிறியை நிறுத்துக. அழைப்பு குறுக்கிடாதவாறு திறன்பேசியை விமானப் பயன்முறையில் வைக்க. வாய்க்கு ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் அதனை நிறுத்துக. கவிஞர் முதலில் தம் பெயர், நாள், ஊர் ஆகியவற்றைக் கூறித் தொடங்குக. ஆடாசிட்டி போன்ற கட்டணமில்லா மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கலாம். எனினும் மூலப் பதிவைத் தொடாது, படியில் மட்டுமே திருத்துக. இரைச்சலை மிகையாக நீக்கினால் மெல்லிய மெய்யொலிகளும் தேயும். இடைமௌனங்களை வெட்டாதீர், அவையும் கவிதையே.

கணினியில் ஒன்று, வெளிவன்தட்டில் ஒன்று, வேறோர் இல்லத்தில் ஒன்று என மூன்று படிகள் இருத்தல் நன்று. கவிஞரின் இசைவின்றி எதனையும் வெளியிடுதல் கூடாது.

மன்றத்தார்க்கு என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த கூட்டத்திலேயே இப்பணியைத் தொடங்குவோம். அகவையில் மூத்த கவிஞரிடமிருந்து தொடங்குவோம். நூலை மறுபதிப்புச் செய்யலாம். அடங்கிய குரலை எந்த அச்சகமும் மீட்டுத்தராது. இருபதாம் ஆண்டு விழாவில் இன்றைய கவிஞர் ஒவ்வொருவரின் குரலையும் இளையோர் கேட்குமாறு செய்வோம்.