ஏடும் சிறகும்



விழுப்புரம் வட்டாரத்துப் பனமலையை உங்களில் சிலர் கண்டிருக்கக் கூடும். சிறு குன்று, அதன்மேல் இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் ஆலயம், அடியில் பரந்த ஏரி. குடைநிழலில் நிற்கும் உமையின் ஓவியத்தைக் காணவே பலரும் அங்கு ஏறுவர். நானும் அதற்காகவே ஏறினேன். ஆனால் அன்று நெடுநேரம் என் கண்ணைப் பிடித்து நிறுத்தியது ஒரு பருந்து. சிறகை ஒருமுறையேனும் அசைக்காமல், வட்டமிட்டு வட்டமிட்டு அது மேலே போய்க்கொண்டிருந்தது. வெயிலில் காய்ந்த பாறை தன்மேலுள்ள காற்றைச் சூடாக்குகிறது; சூடேறிய காற்று எழும்புகிறது; அந்த ஏற்றத்தில் பருந்து அமர்ந்து கொள்கிறது. இதை நான் நூலில் படித்தேன். பருந்து படிக்கவில்லை.

உடன் வந்த கல்லூரி மாணவர் ஒருவர் விமானவியல் நூல்களை வேட்கையோடு கற்றவர்; குடும்பமோ எளியது. "ஐயா, படித்தே எவ்வளவு தூரம் போகலாம்?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்ட கேள்வியன்று. நம் நாட்டில் தொழில்முறை விமானியின் உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் ஆகும் செலவு பெரிது. நூலகத்தில் நூல் இலவசம். வானத்தில் ஒரு மணி இலவசமன்று.

பறத்தலில் ஏடு எங்கே முடிகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுகிறேன். சிறகு எதிர்க்காற்றை ஓர் அளவுக்கு மேல், பெரும்பாலும் 15 பாகையையொட்டி, சாய்ந்து சந்தித்தால் காற்று அதன் மேற்புறத்தைத் தழுவி ஓடாமல் பிரிந்துவிடும். தூக்கும் விசை திடீரெனக் குறையும். விமானம் மூக்கைத் தாழ்த்தி விழத் தொடங்கும். பரிகாரம் ஒரே வரி: கைப்பிடியை முன்னே தள்ளி, மூக்கை இன்னும் தாழ்த்தி, வேகத்தை மீட்டுக்கொள். தேர்வில் யாரும் எழுதிவிடலாம். ஆனால் தரை எழுந்து வருவதுபோல் தோன்றும்போது, கை தானாகவே கைப்பிடியைப் பின்னுக்கு இழுக்கும். உயிரச்சம் இழுக்கச் சொல்கிறது. ஏடு தள்ளச் சொல்கிறது. ஆசிரியர் அருகிருக்க, பலமுறை விழுந்து மீண்ட கைதான் ஏட்டின் சொல்லைக் கேட்கும்.

அப்படியானால் ஏடு வேண்டாமா? ஜெர்மானியரான லிலியந்தால் 1891 முதல் ஏறத்தாழ 2000 முறை குன்றுகளிலிருந்து மிதந்தார். 1896 ஆகஸ்டில் விழுந்து மாண்டார். அத்தனை முயற்சியிலும் அவர் வானில் இருந்த நேரம் மொத்தம் ஐந்து மணி அளவே என்பர். அவர் விட்டுச்சென்ற அட்டவணைகளை ரைட் சகோதரர் கற்று, சிறகமைத்தனர். 1901இல் அது கணக்கிட்டபடி தூக்கவில்லை. அவர்கள் ஏட்டை எறிந்துவிடவுமில்லை, கண்மூடி நம்பவுமில்லை. ஒரு பெட்டிக்குள் காற்றைச் செலுத்தி, சுமார் 200 சிறுசிறு சிறகு வடிவங்களைச் சோதித்தனர். பெரும்பிழை லிலியந்தாலுடையதன்று, பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து யாரும் ஐயுறாமல் கைமாறி வந்த ஓர் எண்ணில் அது ஒளிந்திருந்தது! அடுத்த ஆண்டு ஆயிரம் முறையளவு மிதந்து கை பழகிய பின்னரே, 1903 டிசம்பர் 17இல், பொறியேற்றிய விமானத்தில் 12 விநாடி பறந்தனர்.

நம் சென்னையிலும் ஒரு துணிச்சல்காரர் இருந்தார். உணவு விடுதி நடத்திய டி'ஆஞ்சலிஸ் என்பவர் தம் வடிவமைப்பைக் கொடுத்துச் சிம்ப்சன் பட்டறையில் ஒரு விமானம் செய்வித்து, 1910இல் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்து, பின் தீவுத்திடலில் மக்களுக்குக் காட்டினார். சமையற்கலை தெரிந்தவருக்கு இது புதிதல்ல போலும்: குறிப்பைப் படித்தபின் அடுப்பின் முன் நிற்கத்தானே வேண்டும்!

அனுபவமே அனைத்தும் என்று சொல்வோர்க்கும் ஒரு செய்தி உண்டு. மேகத்துக்குள் தொடுவானம் மறைந்தால், காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். சாய்ந்து சுழலும் விமானம் நேராகப் போவதாகவே உடல் உறுதி கூறும். 1954இல் அமெரிக்க இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைக் கொண்டு பறக்கப் பழகாத 20 பேரை இந்நிலைக்கு உட்படுத்திச் சோதித்தனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரியாக 178 விநாடிகளில்! அங்கே உடலறிவை அடக்கி, முகப்பிலுள்ள முட்களை நம்ப வேண்டும். அந்நம்பிக்கை கல்வியால் வருவது.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் கட்டியவர் எட்வின் லிங்க். இசைக்கருவித் தொழிலில் வளர்ந்த அவர், ஆர்கன் துருத்திகளைக் கொண்டே, தரையில் நின்றபடி சாய்ந்து திரும்பும் பொய் விமானத்தை 1929 வாக்கில் அமைத்தார். அதில் விழுந்தால் உயிர் போகாது. இன்றைய மாதிரிப் பயிற்சிக்கூடங்கள் அதன் வழித்தோன்றல்களே.

அந்த மாணவருக்கு நான் கூறியது இதுதான்: எழுத்துத் தேர்வுகளுக்கு உரிய வானிலையியலையும் வழிகாண் கணக்கையும் இப்போதே முடித்துக்கொள்ளுங்கள், பணம் கிடைக்கும் நாளில், விலைமிக்க ஒரு மணியைக்கூட நூலில் கற்றிருக்கக் கூடியதற்காகச் செலவிட வேண்டியிராது. உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுத நானும் துணை நிற்பதாகச் சொன்னேன். அவர் தலையசைத்தார், முகம் முழுதும் தெளியவில்லை.

இறங்கும்போது பருந்து பாறையை விட்டு ஏரியின் பக்கம் திரும்பிற்று. "நீர் குளிர்ந்தது ஐயா, அங்கே ஏற்றக் காற்று இராது, இப்போது சிறகடிக்கும் பாருங்கள்" என்றார் மாணவர். கரையைத் தாண்டிய சிறிது தூரத்தில் அது சிறகடித்தது.